சமனாக வந்த ஐந்து கோடுகள்

1981 மார்கழி, காலை 9.40. கருவேலங்குளத்துக் கட்டு உடைந்து இரண்டு மணித்தியாலம். அறுபது ஏக்கர் வயல் வெள்ளத்துக்குள். கிளிநொச்சி நீர்ப்பாசன அலுவலகத்து வாங்குப் பலகையில் குளக்காவலாளி பழனியாண்டி கைவிலங்கோடு இருந்தார்.

"ஆறு மணிக்குக் குளத்தடிக்குப் போய்த் தண்ணி திறக்கிற மதகுக் கதவைத் திறந்தனான்," என்றார் நீர்ப்பாசன மேற்பார்வையாளரான ஓவசியர் தவராசா. "அங்கையிருந்தே வயர்லெஸ்ஸில அறிவிச்சனான். சாவியை இவனிட்டக் குடுத்திட்டு வந்தன். மீன்பிடிக்கக் கதவை மூடிப்போட்டான், அதாலதான் கட்டு உடைஞ்சது."

"ஐயா வரவே இல்லைங்க," என்றார் பழனியாண்டி. "சாவி இல்லாம நான் என்னாத்தச் செய்ய?"

இன்ஸ்பெக்டர் பரமலிங்கம் வானொலிப் பொறியியலாளர் சிவனேஸ்வரியைப் பார்த்தார். "செய்தி வந்தது உண்மையோ, மிஸ்?"

"ஓம். 6.05க்கு."

அவள் கடதாசிச் சுருளை விரித்தாள். குளத்துக் கருவி ஐந்து அலைவரிசைகளில் ஒரே நேரத்தில் அனுப்பும். செய்திக்கு முன் ஐந்திலும் ஒரே அளவில் சோதனை ஒலி போகும். அலுவலகத்தில் பேனா ஐந்து கோடு கீறும். அனுப்பிய அளவு தெரியும். வந்த அளவைப் பார்த்தால், வழியில் அலைக்கு என்ன நடந்ததென்று கணிக்கலாம். மூன்று மாதமாக அவளுக்கு அதுதான் வேலை.

6.05இல் ஐந்து கோடும் ஒரே உயரம்.

"எந்தக் கருவியில அனுப்பினீங்கள்?" என்று தவராசாவிடம் கேட்டாள்.

"குளத்தடிக் கொட்டிலில இருக்கிறதிலதான்."

"ஏதும் மாத்தினீங்களோ?"

"தொடவேயில்லை."

சிவனேஸ்வரி பழைய சுருள்களை மேசையில் பரப்பினாள். "பாருங்கோ இன்ஸ்பெக்டர். வழமையா மூண்டாவது கோடு விழுந்து கிடக்கும். அலையில ஒரு பங்கு நேர வரும். மற்றது குளத்துத் தண்ணியில தெறிச்சுப் பிந்தி வரும். ரெண்டும் மோதேக்க ஒரு அலைவரிசை அடிபட்டுப் போகும்."

"மழைக்குத் தண்ணி ஏறினது," தவராசா இடைமறித்தார். "அதால மாறியிருக்கும்."

"மாறும். முந்தநாள் தண்ணி ஏற, மூண்டாவது நிமிர்ந்து நாலாவது விழுந்தது. ஆனா ஏதோ ஒண்டு விழாமல் விடாது. இண்டைக்கு ஒண்டுமே விழேல்லை. இது குளத்தைக் கடந்து வந்த அலையில்லை. இதே மாதிரி வேற கருவி ஒண்டுதான் இருக்கு, உங்கட குவாட்டர்ஸில. இங்கயிருந்து இருநூறு கஜம் தூரம், இடையில தண்ணியில்லை."

தவராசாவின் கை சட்டைப்பைக்குப் போனது. மதகுச் சாவியை மேசையில் வைத்தார். "குளத்தடிக்குப் போற பாலத்துக்கு மேலால வெள்ளம். போகப் பயந்திட்டன். சொன்னால் வேலை போயிடுமெண்டு..."

பரமலிங்கம் விலங்கைக் கழற்றினார். பழனியாண்டி மணிக்கட்டைக்கூடத் தடவவில்லை, எழுந்துவிட்டார்.

"உடைப்புல மண்மூட்டை அடுக்க ஆள் பத்தாதுங்க. நான் போறேன்."

"நில்லுங்கோ அண்ணை," என்றாள் சிவனேஸ்வரி. "ஜீப் நிக்குது. நானும் வாறன்."