அண்ணன் கேட்காத முகவரி

முந்தின நாளே தவணையைக் கட்டியிருந்தாள். அப்படியும் ஸ்டியரிங்குக்குக் கீழே இருந்த கறுப்புப் பெட்டி கூவியது.

பீப். பீப். பீப்.

பெட்ரோல் பங்குக்குப் பின்னால், கார் கழுவும் தானியங்கிக் கூடத்துக்குள், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நாலு வயது மகளோடு உட்கார்ந்திருந்தாள் அவள். வண்டி தெருவில் போகிறவர் கண்ணில் படக்கூடாதென்று எட்டு மாதமாக மரத்தடியிலேயே ஒளித்து நிறுத்தியதில் கூரை முழுக்க எச்சம். "இது காரா, காக்கா கூடா?" என்று அவள் வேலை பார்க்கும் பல் ஆஸ்பத்திரி டாக்டரம்மா நேற்றுக் கேட்டதில் மானமே போய்விட்டது.

ஒளிந்தது கணவனுக்குப் பயந்து. அடிக்க வருமுன் அவன் மோதிரத்தால் கதவைத் தட்டுவான். டொக், டொக், டொக். அவசரமே இருக்காது. அந்தச் சத்தம் கேட்டால் குழந்தை கட்டிலுக்கடியில் போய்விடும்.

பழைய கடனால் பெயர் கெட்டிருந்த அவளுக்குக் கார் கொடுக்க எவனும் தயாராயில்லை. கார் விற்கும் கடையில் வேலை பார்த்த அண்ணன்தான் முன்னால் நின்று வாங்கிக்கொடுத்தான். "தவணை தப்பினா கடையில மாட்டின இந்தப் பெட்டி மூணு தடவை கூவும், அப்புறம் வண்டி ஸ்டார்ட் ஆகாது. அவ்வளவுதாம்மா" என்றான். கடை வழக்கப்படி இரண்டாவது சாவி அவனிடமே இருந்தது. மாமாவுக்கென்று அதில் ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் கிளியை மாட்டிவிட்டாள் மகள். புது வீட்டு முகவரியை மட்டும் அவன் ஒருநாளும் கேட்டதில்லை. தெரியாமலிருந்தால் வாய் தவறி உளற மாட்டோமென்று நினைக்கிறான், தங்கமானவன் என்று உருகிப்போயிருந்தாள்.

ராட்சத பிரஷ்கள் இரண்டு பக்கமும் உரசிக்கொண்டு சுழன்றன. எலுமிச்சை வாசனை போட்ட சோப்பு நுரை மேலிருந்து கொழகொழவென்று இறங்கி முன்கண்ணாடியை மூடி, பக்கக் கண்ணாடிகளை மூடி, கடைசியில் வெளிச்சத்தையும் மூடி, வண்டிக்குள் பால் கலந்த மாதிரி ஒரு இருட்டை உண்டாக்கியது. பிறகு தண்ணீர் வர வேண்டும். வரவில்லை. பிரஷ்கள் கதவுகளை அழுத்தியபடியே நின்றுவிட்டன. வாசலில் ஒரு சிவப்பு பட்டன் இருந்தது அவளுக்கு ஞாபகம் வந்தது. ஆபத்துக்கு அமுக்குவது. யார் அமுக்கியிருப்பார்கள்?

சாவியைத் திருகினாள். 'டிக்' என்றது. இன்னொரு முறை. டிக்.

அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"அண்ணா, நேத்தே பணம் கட்டிட்டேன். வண்டி எடுக்கல."

"அப்படியா? பாக்கறேன்மா. நுரையெல்லாம் போகட்டும், அதுவரைக்கும் இறங்காத."



"நுரையா? நான் எங்கே இருக்கேன்னு உன்கிட்ட சொல்லவே இல்லையே."

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"அண்ணா."

"உன் நல்லதுக்குத்தாம்மா. மாப்பிள்ளை திருந்திட்டாரு. சும்மா பேசணும்னாரு. எத்தனை நாளைக்குத்தான் இப்படி ஓடுவ?"

போன் அணைந்தது.

அவன் ஏன் முகவரி கேட்கவில்லை என்பது இப்போது புரிந்தது. கேட்க வேண்டிய அவசியமே இருந்ததில்லை. வீடு, ஆஸ்பத்திரி, மரத்தடி, அவள் போகுமிடம் எல்லாவற்றையும் அந்தப் பெட்டி தினமும் அவனிடம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. வேலியே பயிரை மேய்ந்துவிட்டது. பாவி! கூடப் பிறந்தவனே!

கதவைத் தள்ளினாள். நாலு விரல் அகலம்தான் திறந்தது. ஈர பிரஷ் முகத்தில் இடித்தது. மூடினாள். பூட்டினாள். பின்சீட்டுக்குத் தாவி மகளின் பெல்ட்டைத் தேடினாள். 

வெளியே தண்ணீரில் செருப்புச் சத்தம்.

சளக். சளக்.

பக்கவாட்டில் அல்ல. பின்னால்.

டிக்கிக் கதவின் கண்ணாடியில் ஒரு உள்ளங்கை நுரையை வட்டமாகத் துடைத்தது. மெதுவாக. அந்த வட்டத்துக்குள் முகம் தெரியவில்லை. ஒரு விரலில் மாட்டிய சாவி தெரிந்தது. அதில் சிவப்புக் கிளி ஆடியது.

"அம்மா, மாமா சாவி!" குழந்தை சிரித்தது. "மாமா வந்துட்டாரு!" கையைத் தூக்கி ஆட்டியது.

டொக். டொக். டொக்.

குழந்தையின் கை அப்படியே நின்றது.

நாலு கதவின் பூட்டுகளும் ஒன்றாக மேலே எழும்பின.