பத்தாவது படுக்கையின் அழைப்பு

ஒன்பது கம்ப்யூட்டர்களைத்தான் இணைத்திருந்தாள். பதில் பத்திலிருந்து வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம். தீவிர சிகிச்சைப் பிரிவை ஒட்டிய சின்ன அறையில், மருந்து நெடியும் சூடேறிய தூசியின் வாடையும் மூக்கைக் குத்த, ஆஸ்பத்திரிக்குப் புது நெட்வொர்க் போட வந்த அவள் மடிக்கணினியோடு தரையில் சம்மணமிட்டிருந்தாள். படுக்கைக்கு ஒன்றாக இருந்த கம்ப்யூட்டர்கள் இருபது வருஷத்துக் கிழடுகள். நோயாளி பொத்தானை அழுத்தினால் நர்ஸ் மேசைக்குச் சொல்வதைத் தவிர வேறொன்றும் அறியாதவை. புது நெட்வொர்க்கில் அப்படியே விட்டால் வைரஸுக்கு வாசலைத் திறந்து வைத்த கதைதான். அதனால் அவற்றுக்கென்று சப்நெட் என்ற தனி வளையம் பிரித்துச் சுற்றிலும் வேலி போட்டிருந்தாள். உள்ளே நடப்பது, அவள் கதவு திறக்கும்வரை வெளியே கேட்காது.

"சிஸ்டர், பத்தாவது படுக்கை கம்ப்யூட்டர் எங்க இருக்கு?"

மூத்த நர்ஸ் எட்டிப் பார்த்தாள். "அந்தப் படுக்கையையே எடுத்து மூணு வருஷம் ஆச்சேம்மா. கம்ப்யூட்டர் அதோ, அலமாரிக்குப் பின்னால கிடக்கு."

கிடந்தது. பவர் வயரைச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டிருந்தார்கள். தொட்டாள். காய்ச்சல் விட்ட உடம்பு போல வெதுவெதுப்பாக இருந்தது.

பத்தாவது படுக்கையில்தான் அவள் புருஷன் பதினோரு நாள் கிடந்தான். "மெஷின்தாம்மா மூச்சு விடுது, அவர் இல்ல," என்றார் டாக்டர். சாயங்காலம் நாலு பத்துக்கு நிறுத்தச் சொல்லிக் கையெழுத்துப் போட்டாள். அன்றைக்கு மூடிய வாயை மாமியார் அவளிடம் இன்னும் திறக்கவில்லை. இந்த வேலைக்கு வேறு ஆளை அனுப்பவா என்று மேனேஜர் கேட்டபோது, பரவாயில்லை என்று சொன்னதும் அவள்தான்.

மடிக்கணினியில் அந்தக் கம்ப்யூட்டரின் அழைப்புப் பதிவைத் திறந்தாள். திரை வரிவரியாக நிரம்பியது. நிரம்பிக்கொண்டே இருந்தது. முதல் வரிக்குப் போனாள். அவள் கையெழுத்துப் போட்ட அதே தேதி. நாலு பன்னிரண்டு.

அதற்குப் பிறகு பத்து விநாடிக்கு ஓர் அழைப்பு. ராத்திரி பகல் இல்லாமல். மூன்று வருஷம்.

"என்னம்மா, முகமெல்லாம் வெளுத்துப் போச்சு?"

"ஒண்ணுமில்ல சிஸ்டர். ஒருத்தர் கூப்பிட்டிருக்கார். யாருக்கும் கேக்கல."

அந்தக் கம்ப்யூட்டரின் முகவரியைத் தடுத்துவிட வேண்டும். முறை அதுதான். ஒரு பொத்தான் போதும். விரல் அதன்மேல் நின்றது.

மறுபடியும் நான் நிறுத்தணுமா?

முடியவில்லை. அவனுக்கென்று ஒரு கதவை மட்டும் அவள் திறந்திருக்கலாம். அந்த நிதானம் கைக்கு இல்லை. வேலியையே எடுத்துவிட்டாள்.

நர்ஸ் மேசையில் மணி அடித்தது. படுக்கை பத்து.

பதிவில் வரிகள் நின்றன. மூன்று வருஷத்தில் முதல் தடவையாக.

"வந்துட்டேன்," என்றாள், அலமாரிக்குப் பின்னால் கிடந்த கம்ப்யூட்டரின் கறுத்த திரையைப் பார்த்து. "கேட்டுருச்சுப்பா. வந்துட்டேன்." அடக்கி வைத்திருந்த அழுகையெல்லாம் உடைத்துக்கொண்டு வந்தது.

மறுபடி மணி. படுக்கை ஒன்று. இரண்டு. மூன்று. ஒன்பது வரைக்கும்.

"இது நடக்காதும்மா," என்றாள் நர்ஸ். "உள்ள ஒருத்தருக்கும் நினைவே கிடையாது."

அவள் தரையிலிருந்து எழுந்து போய், படுக்கைகளை மறைத்த திரைச்சீலையை விலக்கினாள்.

மெஷின்கள் சீராக மூச்சு விட்டுக்கொண்டிருந்தன. ஒன்பது பேரின் கண்களும் மூடியிருந்தன. ஒன்பது தலைகளும் அவள் பக்கம் திரும்பியிருந்தன. பத்து விநாடிக்கு ஒரு தடவை, கட்டைவிரல்கள் பொத்தானை அழுத்தின. விட்டன. அழுத்தின.

கடைசிப் படுக்கையில் ஏழு வயதுச் சிறுமி. பொத்தான் கைநழுவிக் கட்டிலோரம் தொங்கியது. விரல் மட்டும் காற்றை அழுத்திக்கொண்டிருந்தது.