தை மாதத்துப் பல்கரம்

ஒரு பித்தப்பையை எடுக்கப் பல்கரம் என்ற அறுவை இயந்திரத்துக்குப் பதினோரு நிமிடம் போதும். ஆறு இயந்திரக் கைகள், ஒன்றுகூட நடுங்காது. பக்கத்தில் நிற்கும் மருத்துவர் திரையைப் பார்த்து 'சரி' என்று விரலை வைத்தால் வேலை முடிந்தது. அதற்கும் ஒரு படிப்பு, ஒரு பட்டம்! நப்பின்னை அதில் தங்கப் பதக்கம் வாங்கியவள்.

தை பிறந்தால் போதும், சென்னைத் தொண்டர் குழு பல்கரத்தைப் பறக்கும் அறுவை அரங்கில் ஏற்றிக்கொண்டு வெள்ளைமணல் தீவில் வந்து இறங்கிவிடும். எட்டு நாள், எல்லாம் இலவசம். இந்த முறை முந்நூற்றுப் பன்னிரண்டு பேர். அரங்கு மேலே எழும்பும் நிமிடத்தில் யாருக்கும் குறையில்லை என்றால் வெற்றி நூற்றுக்கு நூறு. அப்படியே வந்தது. குழு அடுத்த நாட்டுக்குப் பறந்துவிட்டது. கடலில் குளிக்க ஆசைப்பட்டு நப்பின்னை மட்டும் இரண்டு நாள் விடுப்பில் தங்கினாள்.

மறுநாள் மதியம் இராசமலரைத் தீவு மருத்துவமனைக்குத் தூக்கி வந்தார்கள். கடைசி நாளில் பித்தப்பை எடுக்கப்பட்டவள். வயிறு உப்பி, முகம் வெளுத்துக் கிடந்தாள். இரத்தக் குழாயை இறுக்கப் பல்கரம் உள்ளே போட்ட கவ்வி ஒன்று நழுவி இரத்தம் கசிவது ஸ்கேனில் தெரிந்தது. உடனே வயிற்றைத் திறந்து கட்டினால் பிழைப்பாள். பல்கரம் திரும்பி வர நான்கு நாளாகும். வெளியே புயல்காற்று, படகும் இல்லை, வானூர்தியும் இல்லை.

தீவின் ஒரே மருத்துவர் தவயோகராசா. நப்பின்னை அவரிடம் ஓடினாள்.

"சார், நீங்க சர்ஜன்தானே? திறந்துடுங்க, ப்ளீஸ்!"

"ஓம், முந்தி இந்தக் கையால எத்தினை பித்தப்பை எடுத்தனான். நீங்கள் வரத் தொடங்கின பிறகு ஆர் என்னட்டை வருவினம்? தை வரட்டும் எண்டு நோவோடை இருப்பினம். நானும் பொறுங்கோ, மெசின் வரும் எண்டு அனுப்பிவிட்டனான். ஆக்கள் இல்லையெண்டு ஒப்பரேசன் தியேட்டரைப் பூட்டிப்போட்டாங்கள். நான் கத்தி பிடிச்சு ஒன்பது வருசம், பிள்ளை. நீர் திறப்பீரோ?"

வாழ்நாளில் ஒரு மனிதத் தோலைக்கூட நப்பின்னை கீறியதில்லை. எட்டு நாளும் என்ன கிழித்தோம் என்று அவமானமாக இருந்தது.

பூட்டை உடைத்தார்கள். கத்திகளைக் கொதிநீரில் போட்டார்கள். பழைய தாதி ஒருத்தி மயக்க மருந்து கொடுத்தாள். தவயோகராசா கீறினார். நப்பின்னை விளக்கைப் பிடித்துக்கொண்டு இரத்தத்தை ஒற்றி ஒற்றி எடுத்தாள். முன்பெல்லாம் ஐந்தே நிமிடத்தில் எட்டுகிற இடத்தைத் தேட அவருக்கு நாற்பது நிமிடம் ஆனது. "பிடிச்சிட்டன்!" என்று அவர் சொன்னபோது இராசமலரின் இதயம் நின்றிருந்தது.

வாசலில் அவள் கணவன் நகுலேந்திரன் தலையிலடித்து அழுதான். நப்பின்னை அவன் முன்னால் போய் நின்றாள்.

"தப்பு அவர் மேல இல்லைங்க. மிஷின் போட்ட கவ்விதான் நழுவிடுச்சு. நாங்க கூட இருந்து பார்த்திருக்கணும். மன்னிச்சிடுங்க."

"மெசின் பிழை விடாது, டொக்டர். நல்ல மனசில அவரை விட்டுக்குடுக்காமக் கதைக்கிறியள். அவர் கைவைக்கும் வரைக்கும் உயிரோடைதானே இருந்தவள்?"

தவயோகராசா கதவருகில்தான் நின்றிருந்தார். நகுலேந்திரன் அவர் பக்கம் திரும்பவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு அடிவயிற்றைத் தொட்டுக் காட்டினான்.

"எனக்குக் குடலிறக்கம். உடனே வெட்டோணுமாம் எண்டு இவர் நிக்கிறார். நான் மாட்டன். வாற தைக்கு வருவியள்தானே?"