மடிந்த மூலை

"இந்தக் கார்டு என்னோடதுதான். ஆனா இதை நான் கொண்டுபோய்க் கொடுக்கல," என்று சொல்லி, தூதர் அம்மா ஓர் உறையை மேஜைமேல் வைத்தார்.

லென்ஸம்மா உடனே அதைத் தொடவில்லை. அரசுத் தடயவியல் கூடத்தில் முப்பது வருடம் சந்தேகத்துக்குரிய பத்திரங்களைப் பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். பட்டப்பெயர் அங்கே ஒட்டியது. வீடு வரைக்கும் கூடவே வந்துவிட்டது. பக்கத்தில், யாரும் அழைக்காமலே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டவள் அவருடைய ஓரகத்தி. ஒரே வீட்டின் மாடியில் குடியிருப்பவள். கீழே மணி அடித்தால் அடுப்பை அணைத்துவிட்டு இறங்கிவிடுவாள்.

"விவரமா சொல்லுங்க," என்றார் லென்ஸம்மா.

தூதர் அம்மா சொன்னார். இருபத்தொன்பது வருட வேலை. மூன்றாம் நிலைச் செயலாளராகத் தொடங்கி ஆறு நாடுகள். கடைசியாக, ஒரு துறைமுக ஒப்பந்தம் நடந்த நாட்டில் மூன்று வருடம் தூதர். வரும் மாதம் ஓய்வு பெறவேண்டியவரை, வெளியுறவுத் துறையின் தலைமைச் செயலாளர் பதவிக்குத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அந்த நாற்காலியில் இதுவரை ஓரிரு பெண்களே உட்கார்ந்திருக்கிறார்கள். அந்தச் செய்தி வந்த வாரமே விசாரணைக் குழுவுக்கு ஒரு மொட்டைக் கடிதம் போனது. துறைமுகக் காண்டிராக்டரின் வீட்டுக்கு இந்த அம்மா ரகசியமாகப் போனார் என்றது கடிதம். போன நாள், அந்த நாட்டில் இறங்கிய மாதத்தின் ஆறாம் தேதி, மதியம். சாட்சி, கடிதத்தோடு இணைத்திருந்த இந்த விசிட்டிங் கார்டு.

"காண்டிராக்டர் என்ன சொல்றார்?"

"வந்திருக்கலாம், ஞாபகம் இல்லைங்கிறார். டெண்டர் அவருக்குக் கிடைக்கல. அந்தக் கடுப்பு."

"கார்டு யார் கையிலயும் கிடைக்குமே. இது எப்படி சாட்சியாகும்?"

"மூலையைப் பாருங்க. எங்க தொழில்ல ஒரு பழக்கம் உண்டு. கார்டை ஆள்கிட்ட கொடுத்தனுப்பினா அப்படியே போகும். நானே நேர்ல வந்தேன்னு சொல்லணும்னா ஒரு மூலையை மடிச்சு வச்சுட்டு வருவோம். இப்ப பலபேர் விட்டுட்டாங்க. நான் விடல. திங்கட்கிழமை குழு கூடுது. பதில் இல்லேன்னா பதவி மட்டுமில்ல, இருபத்தொன்பது வருஷப் பேரும் போயிடும்."

வாசலில் குழுவின் அலுவலர் காத்திருந்தார். கார்டுக்கு ஒரு மணி நேரம்தான் அனுமதி. லென்ஸம்மா இடுக்கியால் அதை எடுத்து விளக்கின் கீழே பிடித்தார். பெயர். கீழே 'தூதர்' என்ற பதவியும் அந்த நாட்டின் பெயரும். மடித்த மூலை. மேல் ஓரத்தில், சட்டென்று கண்ணில் படாத அளவில் இரண்டு துளைகள்.

"உங்க வீட்டுக்கு யாரெல்லாம் சகஜமா வந்து போவாங்க?"

"என் வீட்டுக்காரர். என் அந்தரங்கச் செயலாளர், பதினெட்டு வருஷமா கூட இருக்கார். என் தங்கச்சி." மூன்றாவதைச் சொல்லும்போது அவர் குரல் ஒரு நூல் இறங்கியது.

அவர் போனதும் ஓரகத்தி பொறுக்கமாட்டாமல் தொடங்கினாள். "அக்கா, புருஷன்தான். பொண்டாட்டி பின்னாடியே ஆறு நாடு சுத்தினவர். மனசுல எவ்வளவு புகைச்சல் இருக்கும்?"

"நேத்து பால்காரரைச் சந்தேகப்பட்டே."

"பால்ல தண்ணி இருந்தது. அது வேற கேஸ். ஆனா ஒண்ணு, இந்த அம்மாவே எதையோ முழுங்குறாங்க."

"அது எனக்கும் தெரிஞ்சது," என்றார் லென்ஸம்மா.

சனிக்கிழமை மாலை இருவரும் தூதர் அம்மாவின் வீட்டுக்குப் போனார்கள். பாதிப் பெட்டிகள் இன்னும் பிரிக்கப்படாத கூடம். சுவரில் ஒரு பெரிய படம்: அந்த நாட்டு அதிபரிடம் தூதர் அம்மா நியமனப் பத்திரத்தைக் கொடுக்கிறார். பக்கத்தில் கணவர், இறுக்கமான கோட்டில். சட்டத்தின் அடியில் தேதி: பதினான்கு.

கணவர் கல்லூரிப் பேராசிரியராக இருந்து வேலையை விட்டவர். "ஆறாம் தேதியா? வீட்ல என்கூட சீட்டு விளையாடிட்டு இருந்தா. அந்தப் பத்து நாளும் அப்படித்தான். வேலையில்லாத தூதர்னு கிண்டல் பண்ணுவேன். கல்யாணமாகி அவ எனக்குக் கிடைச்ச முதல் லீவு அதுதான். ஆனா புருஷன் சாட்சி எங்கே எடுபடும்?"

அவருடைய முகத்தைக் கூர்ந்து பார்த்த ஓரகத்தி, கொஞ்சம் ஏமாற்றத்தோடு பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

செயலாளர் நறுக்கென்று பேசினார். "கார்டுப் பெட்டி என் பீரோவில் இருக்கும் மேடம். சாவி என்கிட்ட மட்டும்தான்."

"கார்டைப் பின் குத்தி அனுப்புவீங்களா?"

"பூங்கொத்துன்னா சின்ன உறையில் போட்டுத்தான். பின் குத்துறது ஒரே ஒரு பார்சலுக்கு. அம்மாவோட தங்கச்சி பிறந்தநாளுக்கு வருஷா வருஷம் ஒரு சால்வை போகும். வழியில் விழுந்துடக்கூடாதுன்னு கார்டை அதிலேயே குத்திடுவேன்."

தங்கை டீத் தட்டோடு வந்தாள். நாற்பத்தெட்டு வயது, அக்காவின் அதே நெற்றி. அக்கா வெளிநாட்டில் இருந்தபோது அக்காவின் மகளை நாலு வயதிலிருந்து வளர்த்து, போன வருடம் கல்யாணமும் பண்ணி அனுப்பியவள். வந்த வரன்களையெல்லாம் 'குழந்தை கொஞ்சம் வளரட்டும்' என்று தள்ளிப்போட்டவள்.

"இந்தப் பெட்டியெல்லாம் நீங்கதான் அடுக்கினீங்களா?" என்று கேட்டார் லென்ஸம்மா.

"வேற யாரு? துணி, பாத்திரம், அக்காவோட டைரிங்க. எல்லாம் நான்தான்."

"சுவர்ல இருக்கிற அந்தப் படம் எடுத்தப்ப நீங்க அங்கே இருந்தீங்களா?"

"நான் எங்கே போனேன்? இங்க பொண்ணுக்குப் பரீட்சை."

லென்ஸம்மா டீயைக் குடித்து முடித்தார். எல்லாரையும் உட்காரச் சொன்னார்.

"கார்டுல ரெண்டு பின் துளை இருக்கு. நேர்ல கொண்டுபோய் வைக்கிற கார்டுக்குப் பின் எதுக்கு? அது பார்சல்ல போன கார்டு. மூலையை அப்புறம்தான் யாரோ மடிச்சிருக்காங்க. இது ஒண்ணு."

தங்கை காலிக் கோப்பைகளைத் தட்டில் அடுக்கத் தொடங்கினாள்.

"இன்னொண்ணு தேதி. ஒரு நாட்டுல போய் இறங்கினதும் யாரும் தூதர் ஆயிட முடியாது. அதிபர் கையில நியமனப் பத்திரத்தைக் கொடுக்கிற வரைக்கும் அந்தப் பதவியைப் போட்டுக்கக் கூடாது, யாரையும் அலுவல் முறையில் பார்க்கவும் கூடாது. நேத்து முழுக்க அந்தத் துறைப் புத்தகங்களைப் புரட்டித்தான் நானே தெரிஞ்சுக்கிட்டேன். இந்த அம்மா பத்திரம் கொடுத்தது பதினாலாம் தேதி. 'தூதர்'னு போட்ட கார்டு எப்ப அச்சாச்சு?"

"பதினஞ்சாம் தேதி," என்றார் செயலாளர். "நான்தான் அச்சகத்துக்குப் போனேன்."

"அப்ப ஆறாம் தேதி இந்தக் கார்டு உலகத்திலேயே இல்ல. இது செயலாளருக்குத் தெரியும். சும்மா உட்கார்ந்து சீட்டு ஆடின வீட்டுக்காரருக்கும் தெரியும். அவங்க ரெண்டு பேரும் அந்தத் தேதியைத் தொட்டிருக்கவே மாட்டாங்க. மூலை மடிக்கிறது தெரிஞ்சு, பத்திரம் கொடுக்கிறது தெரியாத ஒருத்தர்தான், டைரியைப் புரட்டி, காண்டிராக்டர் பேரையும் அதிலேயே பிடிச்சு, ஒண்ணும் எழுதாத ஒரு நாளாப் பார்த்து எடுத்திருக்கணும். அந்த நாள் ஏன் காலியா இருந்ததுன்னு அவங்க யோசிக்கல."

அவர் தங்கையின் பக்கம் திரும்பினார். குரலில் கடுமை இல்லை.

"அந்த நாட்டுல இருந்து உங்களுக்கு எத்தனை சால்வை வந்ததும்மா?"

"மூணு."

"கார்டு எத்தனை இருக்கு?"

தங்கை தட்டைக் கீழே வைத்தாள். "ரெண்டு," என்றாள்.

கணவர் எழுந்திருக்கப் போனார். தூதர் அம்மா கையமர்த்தினார்.

"மூலை மடிக்கிறதை அக்காதான் ஒரு தடவை சிரிச்சுக்கிட்டே சொல்லிக் கொடுத்தா," என்றாள் தங்கை. "அன்னிக்கு ராத்திரி எனக்கு வந்த கார்டையெல்லாம் எடுத்துப் பார்த்தேன். இருபத்திரண்டு. ஒண்ணுலகூட மூலை மடங்கல. ரிட்டையர் ஆனதும் ரெண்டு பேரும் ஒரே வீட்ல இருப்போம்னு சொன்னா. நானும் நாள் எண்ணிட்டு இருந்தேன். இப்ப இன்னும் அஞ்சு வருஷம்னாங்க. பதவி வராமப் போனா வீட்டுக்கு வந்துடுவான்னு நினைச்சேன். பேரு கெடும்னு... அவ்வளவு தூரம் யோசிக்கல."

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். யாரும் தடுக்கவில்லை.

"தேதி பொய்னு உங்களுக்கு முதல்லயே தெரியும்," என்றார் லென்ஸம்மா.

"தெரியும்," என்றார் தூதர் அம்மா. "குழு முன்னாடி அதைச் சொன்ன உடனே, அப்ப யாருன்னு கேப்பாங்க. பதில் என் வீட்டுக்குள்ளதான் இருக்குன்னு பட்டுது. யாருன்னு தெரியாம வாயைத் திறக்க பயமா இருந்தது."

திங்கட்கிழமை குழுவுக்குப் பத்து நிமிடம் போதுமானதாக இருந்தது. அச்சகத்தின் கடிதம், அந்தப் படம், தேதி. யார் செய்தது என்று கேட்டபோது, "அது என் குடும்ப விஷயம். நான் புகார் கொடுக்கப் போறதில்ல," என்றார் தூதர் அம்மா. விசாரணைக் கோப்பை மூடினார்கள். பதவி அவருக்கே என்று வாழ்த்தினார்கள். முடிவைச் சொல்ல ஒரு நாள் அவகாசம் கேட்டுக்கொண்டு வெளியே வந்தார்.

தங்கை இரண்டு நாளாக போனை எடுக்கவில்லை. "அவ வீட்டுக்குக் கூட வரீங்களா?" என்று தூதர் அம்மா லென்ஸம்மாவைக் கேட்டார். "ஆறு நாட்டு அதிபர்கள் முன்னாடி நின்னிருக்கேன். அவ கதவு முன்னாடி தனியா நிக்க முடியல."

கார் தங்கையின் வீட்டுக்குச் சற்றுத் தள்ளி நின்றது. அவர் இறங்கிப்போய் மணி அடித்தார். திறக்கவில்லை. மறுபடி அடித்தார். உள்ளே ஒரு நிழல் அசைந்து நின்றது.

தூதர் அம்மா கைப்பையைத் திறந்து ஒரு கார்டை எடுத்தார். மூலையை மடித்து, நகத்தால் அழுத்தி நீவினார். குனிந்து, கதவின் அடியிலே தள்ளினார்.

"அக்கா, திறப்பாளா?" என்றாள் ஓரகத்தி, காருக்குள் இருந்து கழுத்தை நீட்டி.

"பேசாம இரு."

கதவுக்கு வெளியே தெரிந்த கார்டின் ஓரம் மெல்ல உள்ளே நகர்ந்து மறைந்தது. சற்றுக் கழித்து, தாழ்ப்பாள் விலகும் சத்தம் கார் வரைக்கும் கேட்டது.