நான்கு விரல் வாய்

அன்று அந்த வீட்டின் பின்புறத்தில் இருந்தவர்கள் நான்கு பேர். மரங்களை அறுத்து இறக்கும் தொழில் செய்யும் குடும்பத்தின் மூத்தவரான பெரியவர், எல்லோரும் சின்னவர் என்று அழைக்கும் அவருடைய தம்பி, அவர்களுடைய தங்கையைக் கட்டிய மாப்பிள்ளை, வீட்டுக்காரியான டீச்சரம்மா. இந்த நால்வரைத் தவிர வெளியே வேறு யாரும் இல்லை.

சின்னவர் முதலில் கவனித்தது மரத்தூளைத்தான்.

நான்கு வருடமாக ஓர் இலைகூட விடாத மரம் அது. பட்டுப்போன மரத்தை அறுத்தால் தூள் வெளுப்பாக, மாவு போலப் பறக்கும், கண்ணைக் கரிக்கும், தொண்டைக்குள் போய் உட்கார்ந்துகொண்டு இரவு முழுக்க இருமவைக்கும். இதுவோ பறக்கவில்லை. அண்ணனின் சங்கிலி ரம்பத்திலிருந்து ஈரக் கட்டிகளாகக் கொட்டி, சின்னவரின் பூட்ஸ் மேல் விழுந்து, விழுந்த இடத்தில் ஒட்டிக்கொண்டது. குனிந்து ஒரு பிடி அள்ளினார். வெதுவெதுப்பாக இருந்தது. சங்கிலியின் சூடாக இருக்கலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மோந்தார். தூங்கி எழுந்த ஒருவர் முகத்துக்கு நேரே வாயைத் திறந்தாற்போல ஒரு நெடி. கையை உதறினார். பிறகு பேன்ட்டில் துடைத்தார். பிறகு இன்னொரு முறை துடைத்தார்.

"ரெண்டு கோஷ்டி வந்து பார்த்துட்டுப் போனாங்க," என்று டீச்சரம்மா சமையலறை வாசலில் நின்றபடி சொன்னார். "நாளைக்கு வர்றோம்னாங்க. வரவே இல்ல."

"அவங்க ஊர் காலண்டர்ல நாளைக்குன்னா அடுத்த வருஷம்மா," என்றார் மாப்பிள்ளை.

மரத்தின் வேர் வீட்டின் பின்சுவருக்கு அடியில் புகுந்து, சுவரைத் தரையிலிருந்து கூரைவரை பிளந்திருந்தது. பிளவில் அந்த அம்மாள் பழைய துணிகளைத் திணித்து வைத்திருந்தார். ஈரக்காற்று வருகிறது என்பதற்காக என்றார். ஆனால் துணிகள் வெளிப்பக்கமாகத்தான் துருத்திக்கொண்டிருந்தன. உள்ளிருந்து யாரோ தள்ளிவிட்டதுபோல.

மற்றவர்கள் பார்த்துவிட்டுத் திரும்பிப் போன மரம் என்பதாலேயே பெரியவர் இதை ஏற்றுக்கொண்டார். வெளிச்சம் போவதற்குள் இறக்கித் தருவதாக வாக்கும் கொடுத்துவிட்டார். மூன்று தலைமுறையாக அந்தக் குடும்பம் இறக்குவதாகச் சொன்ன மரம் எதுவும் நின்றதில்லை. அவர்கள் ரம்பம் எதுவும் மரத்தில் தங்கியதில்லை. வீட்டில் பெண் கேட்டு வருபவர்களிடம்கூட இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்வார்கள்.

அன்று அவர்கள் கொண்டுவந்தவை மூன்று ரம்பங்கள். பெரியவருடையது பழையது, கனமானது. தூக்கி நிறுத்தவே தோள் வேண்டும். அரைமணி நேரம் பிடித்தால் விரல்கள் மரத்து, டீ குடிக்கும்போது டம்ளர் தானாக ஆடும். ஆனால் பாதியில் மூச்சு வாங்காது. மாப்பிள்ளை போன வருடம் வாங்கியது அதில் பாதி எடை. குளிரோ மழையோ, ஒரே இழுப்பில் சீறிக்கொண்டு கிளம்பும். மூன்றாவது, சின்னக் கிளைகளைக் கழிக்க வைத்திருந்த பேட்டரி ரம்பம். அதைப் பெரியவர் ரம்பம் என்றே ஒப்புக்கொள்வதில்லை. மிக்ஸி என்பார்.

"பெரிய மச்சான், உங்க மெஷினை ஸ்டார்ட் பண்றதுக்குள்ள மரம் தானா விழுந்துடும்," என்றார் மாப்பிள்ளை.

"தானா விழுற மரத்துக்கு உன்னுது. விழாத மரத்துக்கு என்னுது."

"இன்னைக்குப் பின்வெட்டு என்னுதுலதான். பந்தயம் கட்டுங்க."

மரம் எந்தப் பக்கம் விழ வேண்டுமோ அந்தப் பக்கம் முதலில் ஆப்பு வடிவத்தில் ஒரு துண்டை அறுத்து எடுத்துவிடுவார்கள். அந்தக் குடும்பத்தில் அதற்கு வாய் என்று பெயர். ஒரு சாண் ஆழம். மூத்தவர் தன் வலது கையை அதற்குள் விட்டுப் பார்க்க வேண்டும். நான்கு விரல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நடுவில் நிற்க வேண்டும். அவர் தலையசைக்காமல் பின்பக்கம் அறுக்கக் கூடாது. டேப் வைத்து அளக்கலாமே என்று மாப்பிள்ளை ஒருமுறை கேட்டு, ஒரு வாரம் பெரியவரிடம் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தார்.

பெரியவர் கையை விட்டார். நான்கு விரல். தலையசைத்தார்.

சின்னவர் மாப்பிள்ளையின் ரம்பத்தோடு பின்பக்கம் போனார். மரம் வாய்ப்பக்கமாகவே, காலி நிலத்தை நோக்கிச் சாய்ந்திருந்தது. பாரம் முழுக்க முன்னால். அப்படிப்பட்ட மரத்தின் முதுகை அறுத்தால் வெட்டு தானாக விரியும். அது தொழிலுக்கு வந்த முதல் வாரத்தில் கற்றுக்கொள்வது. ஒரு முழம் உள்ளே போயிருக்கும். சங்கிலி நின்றது. எஞ்சின் திணறி அணைந்தது. இழுத்தார், அசைத்தார், காலைக் கொடுத்து இழுத்தார். விரிய வேண்டிய வெட்டு பிளேடைக் கவ்விக்கொண்டிருந்தது.

மாப்பிள்ளை வெட்டுக்குள் ஆப்பை வைத்துச் சம்மட்டியால் அடித்தார். நான்கு அடியில் முக்கால்வாசி இறங்கியது. ஐந்தாவது அடிக்கு ஓங்கிய கை மேலேயே நின்றது. ஆப்பு திரும்பி வந்துகொண்டிருந்தது. தெறித்து வரவில்லை. மெதுவாக, பிடிக்காத மாத்திரையைக் குழந்தை நாக்கால் தள்ளுவதுபோல, வெளியே வந்து புல்லில் விழுந்தது.

 மாப்பிள்ளை சம்மட்டியைக் கீழே இறக்கினார்.

பெரியவர் முன்பக்கம் போய் வாய்க்குள் கையை விட்டார். எடுத்துப் பார்த்தார். மறுபடி விட்டார்.

"மூணு விரல்தான் நிக்குது," என்றார்.

 மரம் பின்னால் உட்கார்ந்தால் முன்வாய் அகலும். முன்னால் சாய்ந்தால் பின்வெட்டு அகலும். இரண்டும் ஒரே நேரத்தில் மூட வழியில்லை. இருபத்தாறு வருடத்தில் அவர் பார்த்ததில்லை. யாரும் பார்த்திருக்க முடியாது.

"பெரிய மச்சான், ரெண்டே ரெண்டு நட்டு," என்று மாப்பிள்ளை தணிந்த குரலில் சொன்னார். "எஞ்சினைக் கழட்டி எடுத்துக்கலாம். பிளேடும் செயினும் உள்ளேயே கிடக்கட்டும். எல்லாரும் செய்யறதுதான். கிளம்பிடுவோம்."

"எல்லாரும் செய்வாங்க. பிளேடை மரத்துக்குக் குடுத்துட்டு மிச்சத்தைத் தூக்கிட்டுப் போறதுக்கு வேற குடும்பம் இருக்கு மாப்பிள்ளை. நாம இல்ல."

"அண்ணே, மெஷின் போனா போகுது," என்றார் சின்னவர்.

"பேரு?"

 பெரியவர் தன் கனமான ரம்பத்தை எடுத்துக்கொண்டு, மாட்டிய பிளேடுக்கு ஒரு கைப்பிடி மேலே அறுத்தார். அதன் சத்தத்தில் ஜன்னல் கண்ணாடிகள் நடுங்கின. தூள் ஈரமாக, இப்போது கொஞ்சம் கருப்பாக, கயிறுபோல விழுந்தது. அந்த நெடி முற்றம் முழுக்கப் பரவியது. எந்த மரத்திலும் மூச்சு வாங்காத அந்த ரம்பமும் பாதியில் மாட்டி நின்றது. எஞ்சினை அணைக்க வேண்டியதாயிற்று.

அமைதி.

காற்று இல்லை. சாலையில் வண்டி இல்லை. கூரைத் தகரத்திலிருந்து மழைநீர் சொட்டிக்கொண்டிருந்தது. அதை எண்ணிக்கொண்டு நின்றார் சின்னவர். ஏழாவது சொட்டுக்கும் எட்டாவது சொட்டுக்கும் நடுவில் அந்தச் சத்தம் கேட்டது.

சர்ர்ர். டக்.

ரம்பத்தின் ஸ்டார்ட் கயிற்றை யாரோ இழுத்துவிடும் சத்தம். ஆயிரம் முறை கேட்ட சத்தம். சின்னவர் மாப்பிள்ளையின் கைகளைப் பார்த்தார். சம்மட்டி இருந்தது. அண்ணனின் கைகளைப் பார்த்தார். ஒன்றுமில்லை. மரத்தில் மாட்டியிருந்த இரண்டு ரம்பங்களின் கயிறுகளும் அசையவில்லை.

சர்ர்ர். டக்.

"இன்னொரு மெஷின் எங்க வச்சிருக்கீங்க?" என்று டீச்சரம்மா கேட்டார்.

 சத்தம் அடிமரத்துக்குள்ளிருந்து வந்தது. நெஞ்சு உயரத்தில். அவசரமில்லாமல், குளிர்ந்துபோன எஞ்சினைப் பொறுமையாக எழுப்புகிற ஆளின் இழுப்பு.

"அண்ணே. போயிடலாம்."

"வாயைப் பார்த்துட்டு முடிவு பண்ணலாம்," என்றார் பெரியவர். அவர் குரல் நடுங்கவில்லை. ஆனால் சட்டைக்காலரின் பொத்தானைப் போட்டுக்கொண்டார். அது அவர் பெரிய மனிதர்கள் முன்னால் போகும்போது செய்வது.

"கையை விடாதீங்கண்ணே."

"அளக்காம எப்படிடா?"

கையைத் தட்டையாக வைத்து உள்ளே விட்டார். மணிக்கட்டு போனது. சின்னவர் பார்த்துக்கொண்டிருந்தார். வாயின் ஆழம் ஒரு சாண். சற்றுமுன் அண்ணன் அறுத்தெடுத்த துண்டு புல்லில் கிடந்தது, அதுவும் ஒரு சாண்தான். அண்ணனின் கை முழங்கை வரை போயிருந்தது.

"அண்ணே."

"உள்ள இடம் இருக்குடா," என்றார் பெரியவர், ஆச்சரியமாக.

வாய் மூடியது. சத்தமில்லாமல். கதவை மெல்லச் சாத்துவதுபோல.

"எடுங்க! கையை எடுங்கண்ணே!"

பெரியவர் இழுத்தார். கழுத்து நரம்பு புடைத்தது. பிறகு இழுப்பதை நிறுத்திவிட்டு, தம்பியை ஒரு மாதிரி பார்த்தார்.

"விட மாட்டேங்கிறாங்க," என்றார்.

"யாரு?"



மாப்பிள்ளை வண்டிக்கு ஓடி பேட்டரி ரம்பத்தை எடுத்து வந்தார். சின்னவர் அதைப் பிடுங்கிக்கொண்டு, வாய்க்குக் கீழே, அண்ணனின் கையைத் தொடாத தூரத்தில் குத்தி இறக்கினார். கீழ் உதட்டை அறுத்தெடுத்தால் போதும். நான்கு விரல் தடிமன். இரண்டு நிமிட வேலை. பிளேடு முழுதும் உள்ளே போனது. மரம் அதையும் வாங்கிக்கொண்டது. மோட்டார் ஒருமுறை முனகியது. நின்றது.

மூன்று ரம்பங்கள். மூன்றும் மரத்தில்.

"ஆளைக் கூட்டிட்டு வர்றேன்," என்று மாப்பிள்ளை சாலைப் பக்கம் ஓடினார். டீச்சரம்மா உள்ளே போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டார். அவரைக் குறை சொல்ல முடியாது.

சின்னவர் அண்ணனின் இடுப்பைக் கட்டிக்கொண்டார். பின்னால் சாய்ந்து, முழுப் பாரத்தையும் கொடுத்து இழுத்தார். குதிகால் சேற்றில் வழுக்கியது. அண்ணனின் முதுகு நனைந்திருந்தது. சின்ன வயதில் ஆற்றில் நீச்சல் பழக்கியபோது இவர்தான் இப்படித் தன் இடுப்பைப் பிடித்திருந்தார். அதை நினைக்க நேரமில்லை. இழுத்தார். முழங்கைக்கு மேல் இரண்டு விரல் அளவு கை வெளியே வந்தது. மூன்று விரல் அளவு திரும்ப உள்ளே போனது.

சர்ர்ர். டக்.

இப்போது மிக அருகில். அண்ணனின் விலா எலும்பு வழியாகவே கேட்டது.

"தம்பி."

"பேசாதீங்க. மூச்சைப் பிடிச்சுக்கங்க. வந்துடும்."

"மெஷினெல்லாம் கிடக்கட்டும்டா." அந்த மனிதர் வாழ்நாளில் முதல்முறையாகச் சொன்னார். "பேரும் கிடக்கட்டும். என்னை விட்டுடாத."

"விட மாட்டேண்ணே."

சர்ர்ர். டக்.

"கயிறு இழுக்கறப்போ என் கையை விடறாங்கடா. ஒரு நொடி. அப்புறம் பிடிச்சுக்கறாங்க."

"அப்போ இழுக்கறேன். சொல்லுங்க. எப்போன்னு சொல்லுங்க."

சர்ர்ர்.

"இப்ப!"

இழுத்தார். ஒரு சாண் வந்தது. முழங்கை தெரிந்தது. மணிக்கட்டு மட்டும் பாக்கி. இன்னும் ஓர் இழுப்பு. ஒன்றே ஒன்று.

எஞ்சின் பிடித்துக்கொண்டது.

உள்ளே. முழு வேகத்தில். மரம் அடியிலிருந்து உச்சிவரை அதிர்ந்தது. பட்டைகள் உதிர்ந்தன. மூடிய வாயின் விளிம்பில், அண்ணனின் மணிக்கட்டுக்குப் பக்கத்தில், நூல்போல ஒரு கோடு விழுந்தது. கோடு நீண்டது.

அண்ணன் கத்தினார். தம்பி விடவில்லை.

பெரியவர் பிழைத்துவிட்டார். வலது கை மணிக்கட்டோடு போயிற்று. மரம் இன்னும் நிற்கிறது.

அண்ணனின் கையை அறுத்தது சின்னவர்தான் என்று ஒரு பேச்சு இருக்கிறது. உயிரைக் காப்பாற்ற அறுத்தார் என்று சிலரும், மூத்தவர் இடத்துக்கு ஆசைப்பட்டு அறுத்தார் என்று சிலரும் சொல்கிறார்கள். இரண்டும் பொய். அந்த நேரத்தில் வெளியே யார் கையிலும் ரம்பம் இல்லை. சின்னவரின் இரண்டு கைகளும் அண்ணனின் இடுப்பில் இருந்தன. தூள் வந்து அடித்தது அவர் முகத்தில். கட்டுப் போட்ட டாக்டர் பார்த்துச் சொன்னார், வெட்டு கீழிருந்து மேலாகப் போயிருக்கிறது. இரண்டு முனையும் பிடிப்பில் இருக்கிற எதையும் மேலிருந்து அறுத்தால் ரம்பம் மாட்டிக்கொள்ளும்; கீழிருந்துதான் அறுத்து முடிக்க வேண்டும். அறுத்தவருக்குத் தொழில் தெரிந்திருந்தது.