பதினொரு நிமிடம் கூடுதல்

போன் அடித்தது.

அவள் உடனே எடுக்கவில்லை. கையிலிருந்த தாளில் இன்னும் மூன்று வரி பாக்கி. அதைப் படித்து, ஒரு காற்புள்ளியை அடித்துவிட்டு, பிறகுதான் எடுத்தாள். பதிப்பகங்களுக்குப் பிழை திருத்தியே இருபத்தாறு வருடம் பிழைத்தவள்.

"அண்ணி, கிளம்பிட்டீங்களா?"

கொழுந்தன்.

"கிளம்பிட்டே இருக்கேன் தம்பி."

"பதினோரு மணிக்குக் கூப்பிடுவாங்க. ஒரே ஒரு கையெழுத்து. அதோட எல்லாம் முடிஞ்சுது."

எல்லாம்...

எட்டு மாதத்துக்கு முன்பே முடிந்துவிட்டதே!

அவள் கணவர் குரல்காரர். புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்வது அவர் தொழில். அதை விற்பது தம்பியின் கம்பெனி. வாசிக்கும்போது தப்பு வந்தால் மேஜையை இரண்டு முறை தட்டுவார். டக், டக். எடிட் செய்பவர் அந்த இடத்தைக் கண்டுபிடித்து வெட்டிக்கொள்ளலாம். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்திருந்தது. "எனக்குக் கோபமே இல்ல" என்று அவள் சொன்னால் போதும். சாப்பாட்டு மேஜையில் டக், டக்.

ஒரு வியாழக்கிழமை, பதிவு அறையில் அவரைப் பிணமாகக் கண்டெடுத்தார்கள்.

பீரோ அளவு அறை. சுவரெல்லாம் பஞ்சு. விரித்த கிரைம் நாவலின் மேல் தலை. அவருக்கு ஆஸ்துமா. இன்ஹேலர் வெளியே மேஜை மேல். கதவின் உள் கைப்பிடி ஒரு மாதமாக உடைந்திருந்தது. வெளியிலிருந்துதான் திறக்கும். கத்தினாலும் யாருக்கும் கேட்காது. கேட்கக்கூடாது என்றுதானே அந்த அறையைக் கட்டியிருந்தார்கள்.

விபத்து என்று எழுதி போலீஸ் ஃபைலை மூடியது. தம்பி அன்று ஊரிலேயே இல்லை.

அவர் கடைசியாக வாசித்த அந்த நாவல் விற்பனைக்கு வந்தது. ஒரே வாரத்தில் திருட்டுக் காப்பியும் வந்தது. தேடுதளத்தில் அவர் பெயரைப் போட்டால் முதலில் புகைப்படம். அடுத்து மரணச் செய்தி. மூன்றாவது, 'இலவசமாக டவுன்லோட் செய்ய இங்கே அழுத்தவும்'.

"உரிமை இப்ப உங்களுக்குத்தான் அண்ணி. நீங்க புகார் குடுத்தாத்தான் தேடுதளக்காரன் எடுப்பான்," என்று கொழுந்தன் ஃபாரம் நிரப்பச் சொல்லிக் கொடுத்தான்.

நிரப்பினாள். லிங்க் மறைந்தது. மூன்றாம் நாள் வேறு தளத்தில் முளைத்தது. மறுபடி நிரப்பினாள். கொசு அடிப்பது போல... முன்னூற்று நாற்பது முறை. கடைசியில் கொழுந்தன் தேடுதளக் கம்பெனி மேலேயே வழக்குப் போட்டுவிட்டான்.

அவளுக்கு இனி எதற்கும் தெம்பில்லை. அவர் குரல் கண்டவன் பைக்குள் கிடந்து பேசக்கூடாது. அது ஒன்றுதான் வேண்டும்.

*

கோர்ட் தாழ்வாரம்.

கோடிப் பெஞ்சில் கம்பெனியின் எடிட்டர் பெண் நகம் கடித்துக்கொண்டிருந்தாள். ஒலியை வெட்டுவது அவள் வேலை. அதனால் பட்டப்பெயர் கத்தரி. கொழுந்தன் சாட்சிக்கு அழைத்து வந்திருந்தான். அவள் வருவதைப் பார்த்ததும் கத்தரி எழுந்தாள். கொழுந்தனைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டாள்.

எதிரே தேடுதளத்தின் வக்கீல். தூங்கி ஒரு வாரம் ஆனது போன்ற கண்கள். காகிதக் கோப்பைத் தேநீரில் பிஸ்கட்டை நனைத்துக்கொண்டிருந்தார்.

"நாங்க கடை நடத்தல சார்," என்றார் கொழுந்தனிடம். "கடை எங்க இருக்குன்னு கேட்டாங்க. சொன்னோம். அவ்வளவுதான்."

"திருட்டுக் கடைன்னு முன்னூத்தி நாப்பது தடவை எழுதிக் குடுத்தப்புறமும் சொன்னீங்களே. தெரிஞ்சே வழி காட்டினவனும் குற்றவாளிதான்."

"அதனாலதானே சமாதானத்துக்கு வந்திருக்கோம்." வக்கீல் ஒரு தாளை நீட்டினார். "மேடம் கையெழுத்துப் போட்டா அந்த ஒலியையே அடையாளம் வெச்சுப்போம். எந்தப் பேர்ல, எங்க போட்டாலும் தேடினா வராது. இருந்தும் இல்லாத மாதிரி."

"போடுங்க அண்ணி."

அவள் படிக்க ஆரம்பித்தாள்.

"அதுல படிக்க என்ன இருக்கு?"

"பழக்க தோஷம் தம்பி."

மூன்றாம் பத்தி. *மேற்படி கோப்பை முழுமையாகக் கேட்டு, அது வெளியிடப்பட்ட பதிப்பின் நகலே என உறுதி செய்கிறேன்.*

பேனா நின்றது.

"இது பொய்."

"எது அண்ணி?"

"நான் கேட்கல."

இதே வாக்கியம் அந்த ஃபாரத்திலும் இருந்தது. பொடி எழுத்தில், பக்கத்தில் ஒரு கட்டத்துடன். கட்டத்தில் டிக் அடித்தபடியே போயிருக்கிறாள். திரையில் போன பொய் தாளில் போகமாட்டேன் என்றது.

வக்கீலின் பிஸ்கட் உடைந்து தேநீரில் விழுந்தது.

"முன்னூத்தி நாப்பதுல ஒண்ணுகூடவா கேட்கல?"

"அவர் குரலைக் கேட்கிற தைரியம் எனக்கு இல்ல சார்."

வக்கீல் கோப்பையைக் கீழே வைத்தார்.

"நான் உங்க எதிர்க்கட்சி மேடம். உங்களுக்கு யோசனை சொன்னா என் வேலை போயிடும். கேள்வி கேட்கலாம், தப்பில்ல. நீங்க விக்கிற புத்தகம் ஒன்பது மணி நாலு நிமிஷம். திருடன் குடுக்கறது ஒன்பது மணி பதினஞ்சு. திருடற பய எதுக்குப் பதினோரு நிமிஷம் கூடுதலா குடுக்கறான்?"

"ஏதாவது விளம்பரமா இருக்கும்," என்றான் கொழுந்தன். சொன்ன வேகம் கொஞ்சம் அதிகம். "அண்ணி, வேணாம். உங்களால தாங்க முடியாது."

"தாங்கலைன்னா நிறுத்திக்கிறேன் தம்பி."

*

வக்கீல்கள் அறையில் ஒரு மூலை. வக்கீலின் லேப்டாப், ஹெட்போன். வக்கீல் கடைசி அத்தியாயமான பதினான்காவதின் கடைசிப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்திவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

திரையில் கேட்டவர்களின் கருத்துகள். 'பதினாலாவது சாப்டர் முடிவுல நடிப்பு பிரமாதம். நிஜமாவே செத்துட்டார்னு நினைச்சேன்.'

அழுத்தினாள்.

அவர்... அவரேதான். நிதானமாக வாசித்துக்கொண்டிருந்தார். ஒரு வரி. கதையின் கடைசி வரி. இருமல். நீளமான இருமல். கதவு திறக்கும் ஓசை.

"நல்லவேளை வந்தே. ரொம்ப இழுக்குது. மேஜை மேல மருந்து இருக்கு, எடு."

"எடுக்கறேண்ணா. முதல்ல இதுல கையெழுத்துப் போடு. குரல் உரிமை கம்பெனிக்கு."

"அது அவளுக்குடா. எனக்கப்புறம் அவளுக்கு வேற என்ன இருக்கு?"

"அப்ப யோசிச்சு வை. வர்றேன்."

கதவு மூடிக்கொண்டது. பஞ்சில் பஞ்சு பொருந்தும் மெல்லிய சத்தம்.

அப்புறம் மூச்சு. மூச்சு மட்டும்.

அப்புறம்...

டக், டக்.

பேச மூச்சில்லாதவர், மைக் ஓடுவது தெரிந்தவர், மேஜையைத் தட்டுகிறார். தப்பு இந்த இடத்தில்... இங்கே பார்...

டக், டக்.

எண்ணினாள். பதினொரு நிமிடத்தில் ஏழு முறை. எட்டாவது முறை ஒரே ஒரு டக்.

அவள் நிறுத்தவில்லை. அதற்குப் பிறகு இருந்த மௌனத்தையும் முழுதாகக் கேட்டாள்.

வெளியே வந்தபோது கொழுந்தன் தண்ணீர் பாட்டிலோடு நின்றான்.

"சொன்னேனே அண்ணி, வேணாம்னு."

"தம்பி, அன்னைக்கு நீங்க ஊர்ல இல்லதானே?"

"எத்தனை தடவை சொல்றது? சேதி கேட்டுச் சாயங்காலம்தானே வந்தேன்."

"சரி," என்றாள். அவன் நீட்டிய தண்ணீரை வாங்கவில்லை.

*

வழக்கைக் கூப்பிட்டார்கள்.

"சமாதானம்னு சொல்றாங்களே, கையெழுத்து ஆச்சா?" என்றார் நீதிபதி.

"ஒரு திருத்தம் இருக்குங்க," என்றாள் அவள். "மூணாவது பத்தி. இது நகல் இல்ல. நாங்க வித்ததுதான் குறை. இதுதான் முழுசு. நீங்களே கேளுங்க."

நீதிமன்றம் பதினொரு நிமிடம் கேட்டது. தட்டச்சுக்காரர் கையை மடியில் வைத்துக்கொண்டார். கொழுந்தனின் வக்கீல் தன் நாற்காலியைச் சத்தமில்லாமல் ஒரு முழம் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

"இது... இது திருட்டுக் காப்பி!" என்றான் கொழுந்தன். "எவனோ ஒட்டுப்போட்டிருக்கான். செல்லாது."

தேடுதளத்தின் வக்கீல் அலுப்போடு எழுந்தார்.

"ஒட்டுன்னு சார் இப்ப சொல்றார். மனுவுல அவரே சத்தியம் பண்ணியிருக்கார், 'இந்தக் கோப்பு முழுவதும் எங்கள் ஸ்டூடியோவில் பதிவானது, எங்களுக்கே உரியது'ன்னு. பக்கம் ஆறு."

நீதிபதி பக்கம் ஆறைப் புரட்டினார். நெடுநேரம் பார்த்தார். பிறகு வாசலில் நின்ற போலீஸைப் பார்த்தார்.

*

தாழ்வாரத்துக் கோடிப் பெஞ்சில் அவள் உட்கார்ந்தாள். கத்தரி பக்கத்தில் வந்து நின்றாள்.

"அக்கா... அதைப் போட்டது நான்தான்."

"எதை?"

"திருட்டுக் காப்பியை."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"கடைசிப் பதினோரு நிமிஷம் வெறும் இருமல், கேட்காம வெட்டி எறின்னார் உங்க கொழுந்தன். காதால கேட்காம எப்படிக்கா வெட்டறது? பென்டிரைவ்ல எடுத்துக்கிட்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். வாங்கி டிராயர்ல போட்டாங்க. மறுநாளே சார் கூப்பிட்டு, 'ஸ்டேஷன்ல உனக்கென்ன வேலை'ன்னார். வீட்ல அம்மா இருக்காங்க. பயந்துட்டேன். எங்க போட்டா யாராலயும் அழிக்க முடியாதுன்னு யோசிச்சேன். திருட்டு சைட்தான் தோணிச்சு."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"உங்க கூடவே அவர் இருந்தாரே. நீங்க ஒரு தடவை கேட்டுட்டா போதும்னுதான் போட்டேன். நீங்க கேட்காமலே அழிச்சீங்க. நான் போட, நீங்க அழிக்க... நான் போட, நீங்க அழிக்க..."

"முன்னூத்தி நாப்பதும் நீயா?"

"பாதி நான். மீதி நிஜத் திருடனுங்க. அவனுங்க இல்லைன்னா என்னால தனியா உங்களைச் சமாளிச்சிருக்க முடியாதுக்கா."

எட்டு மாதமாக அவருடைய கடைசி வார்த்தைகளை உலகத்திலிருந்து துடைத்தெடுத்தது அவள் கைதான்.

அந்தக் கை பெஞ்சின் மரத்தில் இரண்டு முறை தட்டியது.

டக், டக்.

கத்தரி அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவளுக்கு அழுகை வரவில்லை. அது ராத்திரி வரும். இன்றைக்கு அவர் குரலைப் போட்டுக்கொண்டு, கேட்டுக்கொண்டே அழலாம்.

இரண்டு போலீஸ்காரர்களுக்கு நடுவே கொழுந்தன் வந்தான். அவனுடைய வக்கீலைக் காணோம். படி எந்தப் பக்கம் இறங்கினாரோ! அவன் கண்கள் தாழ்வாரம் முழுதும் அலைந்து, கடைசியில் புதுத் தேநீரும் புதுப் பிஸ்கட்டுமாக நின்றவரிடம் போய் நின்றன.

"சார்... நீங்களாவது சொல்லுங்க. ஜாமீனுக்கு நல்ல வக்கீல் யாராவது இருக்காங்களா? எங்க போய்ப் பார்க்கணும்?"

அவர் பிஸ்கட்டை நனைத்து, உடையாமல் வாயில் போட்டு, மென்று முடித்துவிட்டுச் சொன்னார்.

"மன்னிக்கணும் சார். தெரிஞ்சே வழி காட்டினவனும் குற்றவாளிதான்னு காலையிலதான் சொன்னீங்க."