கஸ்டமர் பத்திரமாக இருக்கிறார்

"ஐயோ... அவருதான்!"

மருதாயியின் அலறலில் அந்தமானின் மாயாபந்தர் படகு ஜெட்டியே ஒரு கணம் உறைந்து போனது.

காலை ஏழு மணி. மீன்பிடிப் படகு ஒன்று கொண்டு வந்து இறக்கிய உடல் தார்ப்பாய் மேல் கிடந்தது.

காத்தமுத்து. மருதாயியின் கணவன். வயது நாற்பத்திரண்டு. முந்தைய நாள் விடிகாலையில் தனியாகக் கடலுக்குப் போனவன்.

விறைத்திருந்த வலது கை, ஒரு பிளாஸ்டிக் கேனின் பிடியை இன்னும் விடவில்லை. இடுப்பில் ஒரு மஞ்சள் கருவி. அதன் சிவப்பு பட்டன்... உள்ளே அமுங்கிக் கிடந்தது!

சப்-இன்ஸ்பெக்டர் ஷாஹிதா குனிந்தாள்.

"இது என்னக்கா?"

"கடல்கண் மேடம். படகு முழுகுனா இதை அமுக்கணும். சாட்டிலைட்ல தகவல் போயி ரெஸ்க்யூ போட் வந்துரும்னு சொல்லித்தான் வித்தாங்க. நாலு வருசமா இதை நம்பித்தான் அவரை அனுப்பினேன்..."

"நேத்து யாராவது வந்தாங்களா?"

"ஒருத்தரும் வரல மேடம்... ஒருத்தரும் வரல!"

போஸ்ட்மார்ட்டம் முடித்த டாக்டர் கையுறையைக் கழற்றினார்.

"உடம்புல காயம் எதுவும் இல்ல. ஆனா... உடனே சாகல மேடம். ஏழெட்டு மணி நேரமாவது மிதந்திருக்கார். அந்தக் கேனைப் பிடிச்சுக்கிட்டு."

ஷாஹிதா உடனே ஜீப்பில் ஏறினாள்.

ஜெட்டி ரோட்டில், கடல்கண் டீலர் அருண்பிரசாத்தின் கடை. ஐந்து அடி நீளத்துக்கு போர்டு. உள்ளே ஏசி. அவன் கண்களில் சோகம்... அளவாக!

"வாங்க மேடம்ஜி. கேள்விப்பட்டேன். பஹுத் புரா ஹுவா, ரொம்ப மோசம். நல்ல மனுஷன்."

"பட்டனை அமுக்கியிருக்கார். ஏன் யாரும் போகல?"

"கம்பெனி கைமாறிடுச்சு மேடம்! மெயின்லேண்ட்ல பெரிய கம்பெனி ஒண்ணு கடல்கண்ணை வாங்கிடுச்சு. வாங்கினதும் பழைய கஸ்டமருங்க சர்வரை ஆஃப் பண்ணிட்டாங்க. என்னை ஒரு வார்த்தை கேக்கல!"

"சர்வர் ஆஃப்னா?"

"பட்டனை அமுக்கினாலும் எங்கேயும் போகாது. வெறும் பொம்மை!"

"இது அந்தப் படகுக்காரங்களுக்குத் தெரியுமா?"

"சொல்லலாம்னுதான் இருந்தேன்... அதுக்குள்ள..." அவன் கர்ச்சீப்பால் முகத்தைத் துடைத்தான். "அந்தக் கம்பெனி மேல கேஸ் போடுங்க மேடம். நானே சாட்சி சொல்றேன்!"

"போட்டுடலாம். கம்பெனி நம்பர் குடுங்க."

"எ... எதுக்கு?"

"கேஸ் போடறதுக்கு முன்னாடி பேசணும்ல?"

அவன் தயங்க, ஷாஹிதா சுவரில் ஒட்டியிருந்த போஸ்டரைப் பார்த்தே நம்பரைத் தட்டினாள். ஸ்பீக்கரில் போட்டாள்.

"வணக்கம், கடல்கண் கஸ்டமர் கேர், சென்னையிலேர்ந்து ரூபா பேசறேன்!"

ஷாஹிதா விஷயத்தைச் சொன்னாள். மறுமுனையில் கீபோர்டு தட்டும் சத்தம்.

"மேடம், சர்வர் ஆஃப் ஆகலியே. பழைய கஸ்டமர்ஸை எங்க சிஸ்டத்துக்கு மாத்தற வரைக்கும், அவங்க அலர்ட் முதல்ல லோக்கல் டீலர் மொபைலுக்குப் போகும். பத்து நிமிஷத்துல அவர் எடுக்கலேன்னா ரெஸ்க்யூ ஆபீசுக்குப் போயிடும்."

"நேத்து போச்சா?"

"ஒரு அலர்ட் இருக்கு மேடம். காலைல பத்து பதினாலு. பத்து பதினாறுக்கு டீலர் 'நான் போகிறேன்'னு அக்செப்ட் பண்ணியிருக்கார்."

அருண்பிரசாத் நாற்காலியைப் பிடித்துக்கொண்டான்.

"அப்புறம்?"

"பத்து நாப்பதுக்கு அவரே க்ளோஸ் பண்ணிட்டார். ரிமார்க்ஸ்ல... 'மீட்டாச்சு. கஸ்டமர் பத்திரமாக இருக்கிறார்.'"

பத்து நாற்பதுக்கு காத்தமுத்து உயிரோடு இருந்தான். கேனைக் கட்டிக்கொண்டு, வராத படகுக்காகக் கண் வலிக்கப் பார்த்துக்கொண்டிருந்தான்!

"பொய்!" அருண்பிரசாத் கத்தினான். "அந்த ரெக்கார்டெல்லாம் நேத்து சாயங்காலமே அழிஞ்சிருக்கணுமே!"

சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்தது. வாயைப் பொத்தினான்.

"இல்ல சார்," என்றாள் ரூபா, பொறுமையாக. "பழைய சிஸ்டம் ரெக்கார்டை அழிக்கற தேதியை ஒரு வாரம் தள்ளி வெச்சுட்டோம். டீலர்ஸ் எல்லாருக்கும் மெயில் போட்டிருக்கோமே. நீங்க படிக்கலியா?"

ஷாஹிதா அவன் தோளில் கை வைத்தாள்.

"ஏன்?"

போன்தான் பேசியது.

"மேடம், இந்தக் கஸ்டமர் போன வாரம் ஒரு கம்ப்ளெயின்ட் அனுப்பியிருக்கார். முப்பத்திரண்டு படகுக்காரங்க கையெழுத்தோட. 'கருவி ரிப்பேர்னா இந்த டீலர் எட்டிக்கூடப் பாக்கறதில்ல. இவரை எடுத்துட்டு நேரா கம்பெனியே நடத்தணும்'னு."

"அதுக்கு நீங்க என்ன பண்ணீங்க?"

"ப்ரொசீஜர்படி... விளக்கம் கேட்டு டீலருக்கு ஃபார்வர்ட் பண்ணினோம். எழுதினவர் பேரு, போன் நம்பரோட."

ஷாஹிதா கண்களை மூடித் திறந்தாள்.

"பன்னெண்டு வருஷமா நான் கட்டின கடை மேடம்!" அருண்பிரசாத்தின் குரல் உடைந்தது. "ஒரே லெட்டர்ல என்னைத் தூக்கப் பாத்தான். ஆனா நான் கொலை பண்ணல! அவனைத் தொடக்கூட இல்ல. ரெண்டு தடவை போன்ல விரலை வெச்சேன்... அவ்வளவுதான்!"

"அந்த விரல் பட்டதாலதான் ரெஸ்க்யூ போட் கிளம்பல. சலோ, நட."

கான்ஸ்டபிள் விலங்கோடு வந்தார்.

வெளியே ரோட்டோரம் மருதாயி நின்றிருந்தாள். கடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. அழுவதற்கு இனி கண்ணீர் இல்லை.

அவளிடம் இதை எப்படிச் சொல்வது?

ஷாஹிதா போனை அணைக்கப் போனாள்.

"மேடம், ஒரு நிமிஷம்!" ரூபாவின் குரல் லேசாகத் தடுமாறியது. "மன்னிச்சுக்கோங்க... இதைக் கேக்கணும்னு ரூல். எங்க சேவைக்கு அஞ்சுக்கு எத்தனை மார்க் குடுப்பீங்க?"

"நேர்ல வந்து குடுக்கறேம்மா," என்றாள் ஷாஹிதா. "சம்மனோட!"